முன்னே கவிழ்ந்த வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ரஷ்ய மொழியில் ஒரு பழமொழி உண்டு: 'அறிவாளி பிறர் பிழையில் கற்பான், முட்டாள் தன் பிழையில் கற்பான்.' இதற்கு ஈடான தமிழ்ப் பழமொழி தேவைப்பட்டபோது, சற்றும் யோசிக்காமல் 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்று எழுதிவிட்டேன். படித்த நண்பர் கேட்டார்: "சூடு பட்டது எந்தப் பூனைக்கு?" அதே பூனைக்குத்தான்! ரஷ்யர்கள் முட்டாள் என்று ஒதுக்கியவனுக்கு நான் அறிவாளிப் பட்டம் கட்டியிருந்தேன்.

இந்தியில் பாலில் வாய் சுட்டுக்கொண்டவன் மோரையும் ஊதிக் குடிக்கிறான். பிரெஞ்சில் வெந்நீர் பட்ட பூனை குளிர்ந்த நீருக்கும் அஞ்சுகிறது. நம் பூனைக்கு இவர்கள் நெருங்கிய சொந்தம். தனக்குப் பட்டதைச் சொல்லப் பழமொழிக்குப் பஞ்சமில்லை. அடுத்தவனுக்குப் பட்டதைச் சொல்வதற்குத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தேடினால் சீனத்தில் அருமையாக ஒன்று கிடைக்கிறது. 'முன் வண்டி கவிழ்ந்தால் பின் வண்டிக்கு எச்சரிக்கை.' கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹான் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஜியா யி என்ற அறிஞர் இதை மக்கள் வழக்காகவே எடுத்துக்காட்டுகிறார். கி.மு. 221இல் சீனத்தை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த சின் அரசு, 15 ஆண்டுகளில் அழிந்துபோயிருந்தது. அதன் சக்கரத் தடம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது, விலகிப் போகாவிட்டால் நம் வண்டியும் கவிழும் என்பது அவர் வாதம்.

நம்மிடம் 'முன் ஏர் போன வழியே பின் ஏர்' இருக்கிறதே என்று தோன்றும். முன்னும் பின்னும் அப்படியே பொருந்துகின்றன, பொருள்தான் நேர்மாறு. நம் ஏர் தொடர்ந்து போகிறது, சீன வண்டி விலகிப் போகிறது. மொழிபெயர்ப்பவரை இப்படி ஏமாற்றுவது பெரும்பாலும் உருவ ஒற்றுமைதான்.

லத்தீனும் அரபும் வேறு விதம். பிறருக்கு நேர்ந்த ஆபத்தால் எச்சரிக்கை அடைந்தவனை லத்தீன் 'பாக்கியவான்' என்கிறது. பிறரைக் கொண்டு படிப்பினை பெற்றவனை அரபும் அப்படியே அழைக்கிறது. ரஷ்யப் பழமொழி அறிவு என்று சொல்வதை இவை பேறு என்கின்றன. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. நமக்கு முன்னே யாரோ ஒருவர் விழுந்திருக்க வேண்டும், அது நம் கண்ணிலும் பட வேண்டும். இதில் நம் திறமை எவ்வளவு?

தமிழுக்கான இடத்தை என் குறிப்பேட்டில் வெகுநாள் காலியாகவே விட்டிருந்தேன். பிறகு பொச்சாவாமை, அதாவது மறவாமை, அதிகாரத்தில், 539ஆம் குறளில் கண் நின்றது:

இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக தாந்தம்
மகிழ்ச்சியின் மைந்துறும் போழ்து.

இங்கே இகழ்ச்சி என்பது ஏளனம் அன்று, மறதி, அசட்டை. அசட்டையால் கெட்டவர்களை நினைத்துப் பார் என்கிறார் வள்ளுவர். எப்போது? தன் மகிழ்ச்சியில் தான் செருக்கித் திளைக்கும்போது. வண்டி கவிழ்ந்ததைச் சொன்னவர்கள் யாரும் இந்த நேரத்தைக் குறித்துக் கொடுக்கவில்லை. ஆனால் இது குறள்; வாய்வழக்கில் புழங்கும் பழமொழி அன்று. அதனால் அந்த இடத்தில் 539 என்ற எண்ணைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.