ஸ்லேட்டர் கிராமங்கள்: போன ஊருக்கே திரும்பப் போவது

மாணவ நண்பர்களே,

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915-ல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் ஊர்ப்பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் கைக்குப் போன வரலாற்றை 1907-ல் நூலாக்கியவர். நிலம் யாருடையது, உழுவது யார் என்ற கேள்விகள் அவருக்குப் புதியவை அல்ல.

அந்தக் கேள்விகளை வினாப்பட்டியலாக்கி, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் கொடுத்தார். அவர்கள் எழுதிவந்தவை 1918-ல் நூலாயின. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் அப்படித்தான் பொருளியலுக்குள் வந்தன. ஸ்லேட்டர் 1921-ல் பதவியை விட்டுப் போனார். ஆனால் 1930-களில் பொருளியலாளர்கள் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும், 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல்லும், 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அவ்வூர்களுக்குத் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டில் 2008-லும் ஆய்வு நடந்தது. ஒரு பேராசிரியர் விட்டுச்சென்றவற்றுள் இதைவிடப் பெரிய சொத்து இல்லை என்பேன்.

மறு ஆய்வுக்குப் போகிறவர்கள் இடறும் இடங்கள் சில உண்டு. முதலாவது அளவு. பழைய அறிக்கையில் காணி என்றிருந்தால் வட மாவட்டங்களில் அது 1.32 ஏக்கர், தஞ்சைப் பக்கத்து வேலி சுமார் 6.6 ஏக்கர். நெல்லளவில் கலத்துக்கு 12 மரக்கால் என்பது சரி, ஆனால் மரக்காலே ஊருக்கு ஊர் மாறும். அந்த ஊர் மரக்கால் எத்தனை படி என்று முதியவர்களிடம் கேட்டு எழுதாமல் நெல்லாகக் கொடுத்த கூலியை ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது நிலக்கணக்கு, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீடு வீடாகக் கேட்டு நிலத்தைக் கூட்டினால், வெளியூர்க்காரர் இங்கே வைத்திருக்கும் நிலம் விட்டுப்போகும். இவ்வூரார் பக்கத்துக் கிராமத்தில் வைத்திருப்பது உள்ளே வந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, கூட்டுத்தொகை கிராமக் கணக்கோடு பொருந்திவிடுவதும் உண்டு. பொருந்தியதால் சரி என்று நம்பிவிடுகிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் சர்வே எண் கேளுங்கள். பட்டாவில் இறந்துபோன தாத்தா பெயர் இருக்கலாம். இந்தப் போகத்தில் விதைத்தவர் யார் என்பதைத் தனியாக எழுதுங்கள்.

அந்தக் காலத்தில் கல்லூரிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். சேரியின் கடன், பண்ணையாள் பெற்ற முன்பணம் போன்றவற்றை ஆண்டையின் வீட்டுப் பிள்ளையிடம் யார் மனம்விட்டுச் சொல்லியிருப்பார்? பழைய எண்களைப் படிக்கும்போது இதை மறக்கவே கூடாது. நீங்கள் போகும்போது வீட்டு எண் இடுவதைச் சேரியிலிருந்து தொடங்குங்கள். பூட்டிய வீட்டுக்கும் எண் இடுங்கள். அவர்கள் எந்த ஊருக்கு, என்ன வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டு அன்றே குறித்துவிடுங்கள்.