பர்கரில் லெட்டூஸ் மேலேயா, கீழேயா?

வணக்கம் மக்களே! போன வீடியோவுக்குப் பிறகு நிறைய பேர் கேட்டது, பர்கரை எந்த வரிசையில் அடுக்குவது என்றுதான். சரி, இன்று அதை மட்டும் செய்து பார்ப்போம்.

பர்கருக்கு எதிரி ஈரம். நடுவில் வைக்கும் சூடான சிக்கன் பேட்டியிலிருந்து, அதாவது வட்டமாகத் தட்டிய கறியிலிருந்து, இறங்கும் சாறு அடி பன்னுக்குத்தான் போகும். அது ஊறிப்போனால் பாதி சாப்பிடும்போதே கையோடு பிய்ந்து வந்துவிடும். அதனால் பன்னின் உள்பக்கத்தில் வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் பொன்னிறமாகச் சுட்டுவிடுங்கள். அதன் மேல் மயோனைஸ். அதிலிருக்கும் எண்ணெய், ஈரத்தைச் சுலபத்தில் உள்ளே விடாது. கெட்சப்பை அடியில் தடவாதீர்கள், அதிலேயே தண்ணீர் அதிகம்.

இப்போது தக்காளி. வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி ஐந்து நிமிடம் விட்டால் தண்ணீர் விடும். அதை ஒற்றி எடுத்துவிட்டு மயோனைஸ் மேல் வையுங்கள். வழுக்காமல் நிற்கும்.

அதற்கு மேல் லெட்டூஸ். பேட்டிக்குக் கீழே வைத்தால் சூட்டில் வதங்கிவிடாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் வதங்கும்தான். ஆனால் இறங்குகிற சாற்றைக் குடை மாதிரி தாங்கிக்கொள்வது அந்த இலைதான். எனக்கு அதுதான் முக்கியம். 1948-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இன்-அன்-அவுட் கடையிலும் தக்காளி, லெட்டூஸ் இரண்டும் பேட்டிக்குக் கீழேதான் இருக்கும். ஐஸ்பெர்க் வகை கிடைத்தால் வாங்குங்கள், மொறுமொறுப்பு நிற்கும்.

சீஸ் கண்டிப்பாகப் பேட்டிக்கு மேலே! 2017-இல் கூகுளின் பர்கர் எமோஜியில் சீஸ் பேட்டிக்கு அடியில் இருந்தது. அதை வைத்துப் பெரிய விவாதமே நடந்து, நம்ம சுந்தர் பிச்சையே மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைக் கவனிப்பதாக ட்வீட் போட்டார். பிறகு மாற்றியும் விட்டார்கள். பேட்டி கல்லில் இருக்கும்போதே சீஸை வைத்து, ஓரமாக ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடுங்கள். அரை நிமிட ஆவியில் உருகி ஓரமெல்லாம் வழியும். இதோ பாருங்கள், எவ்வளவு அழகு!

அந்த உருகிய சீஸ் மேலேயே மெல்லிய வெங்காயத்தை அழுத்திவிடுங்கள், ஒட்டிக்கொள்ளும். கெட்சப் மேல் பன்னுக்கு. மூடி, பட்டர் பேப்பரில் சுற்றி இரண்டு நிமிடம் வைத்துவிட்டேன். வாங்க, வெட்டிப் பார்ப்போம்.