டிரேகரைப் படிக்கக் கையில் கோல் வேண்டும்

ஜப்பானியப் போர்க்கலைகளைப் பற்றி எழுதிய டான் டிரேகர் என்றதும் 1973, 74 ஆண்டுகளில் வந்த அவருடைய மூன்று தொகுதிகளைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். போருக்கானது புஜுட்சு, தன்னைப் பக்குவப்படுத்திக்கொள்ள புடோ என்று அதில் ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோடு அவ்வளவு நேரானதல்ல என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். சரி, அது போகட்டும். இன்று பேச வந்தது வேறு: கையில் கோல் பிடிக்காமல் அவரைப் படிக்க முடியாது என்பது.

1922-இல் மில்வாக்கியில் பிறந்தவர், அமெரிக்க மரைன் படை அதிகாரி, ஜூடோவில் ஊறியவர். டோக்கியோவில் ஷிமிசு தகாஜியிடம் ஜோ என்னும் கோலைக் கற்றார். ஒதாகே ரிசுகேயிடம் கதோரி ஷிந்தோ ரியூ என்ற பழைய மரபின் வாள்வித்தை. கதோரியில் சேர வேண்டுமானால் விரலைக் கீறி ரத்தத்தால் ஒப்பமிட வேண்டும். கற்றதை வெளியாருக்குக் காட்டுவதில்லை என்பதும் அந்த உறுதிமொழியில் உண்டு. அப்படிச் சேர்ந்த முதல் வெளிநாட்டவர் இவர். எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய கடிவாளம் உண்டா?

இந்த மறைப்பு பயிற்சிக்குள்ளேயே இருக்கிறது. கதோரியின் கதாக்களில், அதாவது இருவர் செய்யும் வரையறுத்த பயிற்சிகளில், மரவாளும் மரவாளும் படபடவென்று மோதும். தடுப்பு என்று நினைப்போம். பல இடங்களில் அது தடுப்பே அல்ல. மணிக்கட்டிலோ கழுத்திலோ விழவேண்டிய வெட்டை எதிராளியின் வாளில் இறக்குகிறார்கள். அதனால்தான் டிரேகரின் தொகுதிகளைச் செய்முறைக் கையேடாகப் புரட்டுகிறவர் ஏமாந்துபோவார்.

ஜோவுக்கு வருவோம். வெள்ளை ஓக் மரம், நீளம் சுமார் 128 செ.மீ., விட்டம் 2.4 செ.மீ. ஷிமிசு வகுத்த அடிப்படை அடவுகள் 12. முதலில் தனியாக, பிறகு வாளுக்கு எதிரே ஜோடியாக. ஜோடியில் வாள் பிடித்துத் தோற்பவர்தான் மூத்தவர். ஜோ பிடித்து வெல்பவர் மாணவர். தூரத்தையும் வேகத்தையும் மூத்தவர் அளந்து கொடுக்கிறார். புதியவர்கள் இருவரையே சேர்த்துவிட்டால் வாள் எட்டாமலே வந்து நிற்கும், மாணவனோ வராத வெட்டுக்கு விலகிப் பழகிவிடுவான்.

ஹிகியோதோஷி என்ற அடவைப் பாருங்கள். முன்னே நீட்டிய வாளை ஜோவால் கீழே வீழ்த்துவது. எல்லோரும் தவறுவது இங்கேதான்: ஓங்கி அடிக்கிறார்கள். சத்தம் பிரமாதமாக வரும், வாள் துள்ளிவிட்டு மறுபடி நடுவுக்கே திரும்பிவிடும். தோள் இறுகியிருப்பது ஒரு காரணம். வாளின் நுனியில் மட்டும் படும்படி தள்ளி நிற்பது இன்னொன்று. கோல் வாளின் பக்கவாட்டில் பட்டு, அதை உரசியபடியே இறங்க வேண்டும். இடுப்பு கூடவே முன்னேற வேண்டும். கை மட்டும் இறங்கி உடம்பு பின்தங்கினால், கோலில் கனமே இருக்காது.

பயிற்சி முடிந்ததும் ஜோவை நுனியிலிருந்து நுனிவரை துணியால் துடையுங்கள். துணி நூல் சிக்குகிற இடத்தில் சிராய் கிளம்பியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசுங்கள். விரிசல் ஓடியிருந்தால் அந்தக் கோலை ஜோடிப் பயிற்சிக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். முறிந்த துண்டு நேரே எதிரில் நிற்பவர் முகத்துக்குத்தான் போகும்.