ஊரைத் தூக்கிய சேறு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிகாகோவின் கட்டடப் பெருமைக்குக் காரணம், பழைய ஊரை 1871-ல் எரித்துப் புது ஊருக்கு இடம்விட்ட நெருப்பா, காலடியில் கிடந்த சேறா? நான் சேற்றின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் "சேற்றில் எருமைதான் படுக்கும், எழுபது மாடி எழுந்திருக்காது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். மோனை அழகாகவே இருந்தது. பதில் தருகிறேன். அதற்கு முன்னால் உங்களை ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மிச்சிகன் ஏரிக்கரையில், தண்ணீர் மட்டத்துக்குச் சில அடி மேலே இருந்த ஊர் சிகாகோ. மழை பெய்தால் வடிய வழியில்லை. 1854-ல் காலரா வந்து ஊரையே உலுக்கியது. சாக்கடைக் குழாயைப் புதைக்கலாம் என்றால் சரிவு கிடைக்கவில்லை. எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற இன்ஜினியர் குழாயைத் தெருவின் மேலேயே போட்டு, அதன் மேல் மண்ணைக் கொட்டச் சொன்னார். தெரு உயர்ந்தது. கட்டடமெல்லாம் பள்ளத்தில் நின்றது.

சரி, நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இடித்துக் கட்டுவோம். அவர்கள் தூக்கினார்கள்! 1860-ல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கட்டடம் முழுவதையும், சுமார் 600 பேர் 6,000 ஜாக்கிகளைத் திருகி, நாலு அடி எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். கீழே ஜாக்கி திருகிக்கொண்டிருக்க, மேலே கடைகளில் வியாபாரம் நடந்தது.

மறு வருடம் டிரெமாண்ட் ஹவுஸ். செங்கல்லில் கட்டிய பெரிய ஓட்டல். உள்ளே ஆட்கள் தங்கியிருக்கும்போதே தூக்கினார்கள். அங்கே தங்கிய ஒருவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வந்த அன்று சாதாரணமாகப் படியேறி உள்ளே போனார். மறுநாள் படி கொஞ்சம் செங்குத்தாகத் தெரிந்தது. பயணக் களைப்பு என்று நினைத்திருப்பார். அடுத்த நாள் இன்னும் செங்குத்து. முழங்காலைத் தடவிப் பார்த்திருப்பார்! ஊருக்குக் கிளம்பும் நாளில் தெருவில் நின்று திரும்பிப் பார்க்கிறார். வந்தபோது கண்ணுக்கு நேராக இருந்த ஜன்னல் இப்போது தலைக்கு மேலே இருக்கிறது! ஐயா, இன்னொரு முறை யோசியுங்கள். ஓட்டல் ஆறடி மேலே போயிருக்கிறது. உள்ளே தூங்கியவருக்குத் தெரியவில்லை! அந்த வேலையை எடுத்துச் செய்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் புல்மன். பிறகு ரயிலில் தூங்கும் பெட்டி செய்து உலகப் புகழ் பெற்றவர். தூங்குகிறவர்களை எழுப்பாமல் வேலை செய்ய அவருக்கு இங்கேயே பழகிவிட்டது!

இது நடந்தது 1861. எதிரணியின் நெருப்பு வர இன்னும் பத்து வருடம் இருந்தது.

இப்போது எருமைக்கு வருகிறேன். எருமை என்று எங்களைச் சொன்ன நண்பரே, உங்கள் அணியில் ஒரு பசு இருக்கிறதே, மறந்துவிட்டீர்களா? ஓலியரி அம்மாளின் பசு விளக்கை உதைத்ததால்தான் ஊர் எரிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. சுமார் 300 பேர் இறந்த, ஒரு லட்சம் பேர் வீடிழந்த அந்தப் பெரும் துயரத்தின் பழியை, அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஒரு ஏழைப் பால்காரம்மாவின் தலையில் வைத்தார்கள். அந்தப் பழியோடுதான் அவர் கண்மூடினார். அவர் மீதும் பசு மீதும் குற்றமில்லை என்று நகர மன்றம் தீர்மானம் போட்டது 1997-ல்! அந்த நெருப்பையா நீங்கள் ஊரின் தாய் என்கிறீர்கள்?

எழுபது மாடி எழாதாம். அந்தக் களிமண்ணில் கட்டடம் புதையாமல் இருக்க, தண்டவாள இரும்பைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, காங்கிரீட் போட்டு, தெப்பம்போல அஸ்திவாரம் அமைத்தார் ஜான் ரூட் என்ற கட்டடக் கலைஞர். அப்படியும் ஆடிட்டோரியம் என்ற பெரிய கட்டடம் இரண்டடிக்கு மேல் இறங்கியது. அப்புறம்தான் கிணறு வெட்டுவதுபோல ஆழத் தோண்டினார்கள். 1974-ல் 110 மாடி சியர்ஸ் கோபுரம் பாறையில் கால் ஊன்றி நின்றது. அதைத் தாங்கும் அமைப்பை வகுத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் கான். ஆற்று வண்டலில் எழுந்த நாட்டின் பிள்ளை, நண்பரே!

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிணறு வெட்டும் அந்த முறையை ஒரு பக்கச் சுவருக்குக் கீழே முதலில் முயன்ற கட்டடங்களில் ஒன்று, கட்டடக் கலைஞர்கள் லூயி சல்லிவனும் டாங்க்மார் ஆட்லரும் 1894-ல் முடித்த பங்குச் சந்தைக் கட்டடம். சேறு அதை விழுங்கவில்லை. மனிதர்கள் 1972-ல் இடித்தார்கள். ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர், சல்லிவனின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடும்போதெல்லாம் ஓடிப்போய்ப் படமெடுத்தார், சிற்ப வேலைப்பாடுகளைப் பெயர்த்துக் காப்பாற்றினார். ஏப்ரலில் ஒரு நாள் இந்தக் கட்டடத்துக்குள் போனவர் திரும்பவில்லை. வயது 43. ஜூனில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான்கு வாரம் கழித்துத்தான் இடிபாட்டுக்குள்ளிருந்து உடலை எடுத்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் வாசல் வளைவு இன்று ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் தனியாக நிற்கிறது. நிக்கலை கிரேஸ்லாந்து கல்லறையில் புதைத்தார்கள். சல்லிவன் படுத்திருப்பதும் அதே மண்ணில்தான் ஐயா.