மஞ்சள் உடம்பில் எவ்வளவு சேர்கிறது?

(போர்ட் லூயி கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். மொரீசியஸில் நம் வீடுகளில் மஞ்சள் இல்லாமல் காவடியும் இல்லை, குழம்பும் இல்லை. தொண்டை கட்டினால் பாலில் போட்டுக் குடிக்கிறோம். அதனால்தான் மஞ்சளில் இருக்கும் குர்குமின் புற்றுநோயையே அடக்கும் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடுகிறோம். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளரும் செல்களை அது அடக்குவது உண்மைதான். வயிற்றுக்குள் போன பிறகுதான் சிக்கல். அது தண்ணீரில் கரையாது, குடலைத் தாண்டுவதே கொஞ்சம், தாண்டியதையும் குடல் சுவரும் ஈரலும் சேர்ந்து உருமாற்றி வெளியே தள்ளிவிடும். 1998இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வொன்றில் 2 கிராம் குர்குமின் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் சுமார் 20 மடங்கு ஏறியது.

ஆக, மூலிகையில் சத்து இருந்தால் மட்டும் போதாது, அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மருந்தைச் சுமந்து போகும் மிக நுண்ணிய பொடியான நானோ துகள் செய்வது அந்த வேலையைத்தான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர், இந்தத் துகள்களோ பெரும்பாலும் நூறு, இருநூறுதான். லிப்போசோம் என்பது அதில் ஒரு வகை: கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி, மெல்லிய கொழுப்புப் படலத்துக்குள் மருந்து.

இது வெறும் கனவு இல்லை. பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது என்பதால் முதலில் ஆமணக்கெண்ணெயில் இருந்து செய்த கரைப்பானில் கலந்து ஏற்றினார்கள், அந்தக் கரைப்பானே பலருக்குக் கடும் ஒவ்வாமை தந்தது. அப்புறம் நம் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கினார்கள். கரைப்பான் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் 2005இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் கிடைத்தது.

நம் முற்றத்து நித்தியகல்யாணியைப் பாருங்கள், பக்கத்து மடகாஸ்கர்தான் அதன் தாய்மண். அதில் இருந்து வரும் வின்கிறிஸ்டின் ரத்தப் புற்றுநோய்க்கு அருமையான மருந்து, ஆனால் நரம்பைக் கெடுத்துக் கைகால் மரத்துப்போகச் செய்யும். அதை லிப்போசோமில் வைத்த மருந்துக்கு அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் தந்தார்கள், பலனைப் பின்னால் உறுதிப்படுத்த முடியாமல் 2022இல் அது விலக்கப்பட்டது. நானோ ஆக்கினாலும் சோதனையில் தேற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். சர்க்கரைக்கு நல்லது என்று அந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அதில் இருப்பவை செல்லைக் கொல்லும் பொருள்கள்.

நன்றாகச் சேரும் மருந்து நன்றாகவே தீங்கும் செய்யும், எனக்குக் கவலை அங்கேதான். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயமே இல்லை. உடம்பில் அதிகம் ஏறும்படி செய்த மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் வீங்கியதைப் பார்த்துத்தான் 2022இல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது. கடையில் 'நானோ' என்று எழுதிய புட்டியை யாராவது நீட்டினால், எத்தனை மில்லிகிராம், எந்த மனிதர்களிடம் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுப்பவர்கள் அந்தப் புட்டியை வாயில் வைப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.