கல்லுளிமங்கனா, கல்நெஞ்சக்காரனா?

(திரையில்: பள்ளி அலுவலகம். நாற்காலியில் ஒரு பையன், முகம் தெரியவில்லை.)

சிங்கப்பூரில் உயர்நிலை 3 படிக்கிற ஒரு பையன். கற்பனைப் பையன்தான், தம்பி என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் ஒருவனின் கைப்பேசியைப் பிடுங்கி, தட்டிக் கேட்டவனின் மூக்கை உடைத்துவிட்டான். இது முதல் தடவையும் இல்லை. அடிபட்டவனின் அம்மா அழுகிறார், தம்பியின் அம்மாவும் அழுகிறார். தம்பி மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

வீட்டில் பாட்டி அவனைச் சொல்வது, "கல்லுளிமங்கன், வாயைத் திறக்க மாட்டான்." அங்கே நிற்கிற ஆசிரியர் மனதுக்குள் நினைப்பது, கல்நெஞ்சக்காரன். இரண்டிலும் கல் இருக்கிறது. ஆனால் முதலாமவன் உள்ளே இருப்பதைக் காட்டமாட்டான். இரண்டாமவனுக்கு அடுத்தவர் வலி உள்ளே போய்ச் சேர்வதே இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று அரைமணி நேரத்தில் சொல்லிவிட முடியாது. உளவியலாளர்கள் அதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

(திரையில்: 15 கட்டங்கள், அவற்றில் 3 நிறம் மாறுகின்றன.)

முதலில் நடத்தைக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்.-5 அடிதடி, திருட்டு, தீவைப்பு என்று 15 அறிகுறிகளைச் சொல்கிறது. கடந்த 12 மாதங்களில் குறைந்தது மூன்று இருக்கவேண்டும், அதில் ஒன்றாவது கடைசி 6 மாதத்துக்குள். கூடவே அது படிப்பையோ பழகுவதையோ கெடுத்திருக்கவேண்டும்.

2013-இல் இதனுடன் ஒரு கூடுதல் குறிப்பைச் சேர்த்தார்கள். குற்ற உணர்வு இல்லாமை, அடுத்தவர்மேல் இரக்கம் இல்லாமை, படிப்போ வேலையோ கெட்டுப்போனாலும் கவலைப்படாமை, மேலோட்டமான உணர்ச்சி. இந்த நான்கில் இரண்டேனும், குறைந்தது 12 மாதம், ஒரே இடத்தில் மட்டுமில்லாமல் பல இடங்களில், பலருடன் தெரியவேண்டும். அலுவலகத்தில் ஒரு மதியம் அழாமல் உட்கார்ந்திருந்தது இந்தக் கணக்கில் வராது.

அப்புறம் இந்தக் குணங்களை அளக்கும் கேள்வித்தாள். அதிகம் பயன்படுவது அமெரிக்க உளவியலாளர் பால் ஃப்ரிக் 2004-இல் உருவாக்கியது. இரக்கமின்மை, உணர்ச்சியின்மைப் பண்புகளின் பட்டியல் என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஐ.சி.யு. என்பார்கள். பதறவேண்டாம், தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. 24 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 72. பையன் நிரப்ப ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என்று தனித்தனி வடிவங்கள் உண்டு. வாக்கியங்களில் பாதி நல்ல குணத்தைச் சொல்பவை. அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கித்தான் கூட்டவேண்டும்.

நம் வீடுகளில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். தம்பியை வளர்த்தது பாட்டி. ஆங்கிலத் தாளை யாரோ வாய்வழியாகத் தமிழாக்கி, "தப்பு செய்தால் அவன் வருத்தப்படுவதில்லை, சரியா?" என்று கேட்டால் பாட்டி "இல்லையே" என்பார். அவன் வருத்தப்படுவதே இல்லை என்கிறாரா, நீங்கள் சொல்வது சரியில்லை என்கிறாரா? அந்த ஒரு சொல்லில் 0 என்பது 3 ஆகிவிடும். கேட்பவர் அங்கே நிறுத்தி, "போன தடவை தப்பு செய்தபோது என்ன செய்தான், சொல்லுங்கம்மா" என்று கதையாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

(திரையில்: மூன்று பெட்டிகள். மூன்றாவது மங்குகிறது.)

கேள்வித்தாளுக்குள் மூன்று பகுதிகள்: இரக்கமின்மை, அக்கறையின்மை, உணர்ச்சியை வெளிக்காட்டாமை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்றாவதைப் பற்றிய ஆய்வு முடிவு. சமூகவிரோத நடத்தையோடு மிகக் குறைவாகத் தொடர்புடைய பகுதி அதுதான். அதாவது, நம் கண்ணில் முதலில் படுகிற அந்த மரத்துப்போன முகம்தான் ஆக பலவீனமான சாட்சி!

தம்பி தன்னைப் பற்றி ஒன்று எழுதுவான், அம்மா ஒன்று எழுதுவார், ஆசிரியர் வேறொன்று. யாரும் பொய் சொல்லவேண்டும் என்பதில்லை, ஆளுக்கொரு பக்கத்தைப் பார்க்கிறார்கள். மதிப்பெண் மட்டும் நோய்க்கணிப்பு ஆகாது. பையனோடும், அவனை நெடுநாள் அறிந்தவரோடும் தனித்தனியாகப் பேசவேண்டும்.

பேசும்போது வீட்டில் அடிதடி இருந்ததா என்றும் கேட்கவேண்டும். சில பிள்ளைகளுக்கு இந்த மரத்துப்போன தன்மை சின்ன வயதில் பட்ட அடியிலிருந்து வருகிறது. உள்ளே பதற்றம் கொதிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பதற்றமே இல்லாதவனும் இவனும் தாளில் ஒரே மதிப்பெண் வாங்கலாம். உதவி ஒரே மாதிரி இருக்கமுடியாது.

சரி, இத்தனை மெனக்கெடல் எதற்கு? சிங்கப்பூரில் பிரம்பு வெறும் பழமொழி இல்லை, பள்ளிகளில் ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் உண்டு. ஆனால் இந்தப் பண்புகள் உள்ள பிள்ளைகளிடம் தண்டனை மற்றவர்களிடம் எடுபடுகிற அளவுக்கு எடுபடுவதில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவில் ஹாஸ், டாட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட சின்னப் பையன்களுக்குத் தனியே உட்காரவைக்கும் தண்டனை அவ்வளவாக உதவவில்லை. நல்லது செய்யும்போது பாராட்டிப் பரிசு தருகிற பகுதியில் மற்ற பிள்ளைகளைப் போலவே முன்னேறினார்கள். தம்பி உண்மையிலேயே அந்த வகை என்றால், பிரம்பை இன்னும் ஓங்குவது வீண்வேலை. அந்த வகை இல்லை என்றால், "சைக்கோ" என்று குத்தப்படும் முத்திரை அவன் கூடவே வளரும். அந்தச் சொல்லை வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

(திரையில்: பாட்டியும் பேரனும், வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் மின்தூக்கி முன்னால்.)

தொடங்கவேண்டிய இடம் பள்ளி ஆலோசகர். தேவைப்பட்டால் மனநலக் கழகத்தின் ரீச் குழுவிடம் அவர் அனுப்புவார். பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்ய 2007-இல் தொடங்கிய குழு அது. தமிழில் பேச ஆள் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போகும்போது பாட்டியையும் கூட்டிப்போங்கள். அவருக்குக் கால்வலி வந்தால் தைலம் தேய்த்துவிடுவது யார் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றாமல் போகலாம். நீங்களே சொல்லிவிடுங்கள்.