ஐனோ: ஒத்தைப் பெண்ணின் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். பின்லாந்தில் பெண் குழந்தைக்கு ஐனோ என்று பெயர் வைப்பார்கள். அந்த மொழியில் 'ஐனோவா' என்றால் 'ஒரே'. ஒரே பிள்ளை, ஒரே வழி என்கிறோமே, அந்த 'ஒரே'தான். ஆக, ஐனோ என்பது முதலில் பெயரே அல்ல.

கரேலியாப் பக்கத்து நாட்டுப்பாடல் ஒன்றில் 'அன்னி, ஒத்தைப் பெண், தோப்புக்குக் கிளை ஒடிக்கப் போனாள்' என்று வரும். பெண்ணின் பெயர் அன்னி. ஐனோ வெறும் அடைமொழி. கயானி என்ற ஊரில் மருத்துவராக இருந்த எலியாஸ் லொன்ரோத் இப்படிப்பட்ட பாடல்களைத் திரட்டி 'கலேவலா' காவியத்தைத் தொகுத்தார். அதன் 1849 பதிப்பில் அன்னி இல்லை, ஐனோ இருக்கிறாள். அடைமொழி பெயராகிவிட்டது.

அவள் தோப்புக்குப் போனது எதற்கு? சௌனா என்ற நீராவிக் குளியலறையில் குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ள இலையோடு ஒரு கொத்து கட்டுவார்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டிருக்கும்போது கிழவன் வைனமொய்னன் எதிரே வந்து, 'இனி எனக்காகவே மணி அணி' என்கிறான். அவனிடம் பாட்டுப் போட்டியில் தோற்றுச் சேற்றில் புதைந்த அண்ணன், தப்பிக்கத் தங்கையை அவனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். இவள் மணியைப் பிய்த்தெறிந்து அழுதபடி வீட்டுக்கு ஓடுகிறாள். அம்மாவோ சந்தோஷப்படுகிறாள்! கடைசியில் ஐனோ தண்ணீரில் மூழ்கிப்போகிறாள். பிறகு அதே கிழவனின் தூண்டிலில் மீனாக மாட்டி, அவன் கத்தியை எடுத்ததும் துள்ளிக் குதித்து, 'என்னை அடையாளம் தெரியவில்லையா?' என்று கேலி செய்துவிட்டுப் போகிறாள். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

மூழ்கிப்போனவளின் பெயரை யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா? வைத்தார்கள். படித்தவர்கள் வீட்டில் சுவீடிஷ் பேசிய காலம் அது. பின்னிஷ்தான் எங்கள் மொழி என்று கிளம்பிய குடும்பங்களுக்கு மண்ணின் மணமுள்ள பெயர் வேண்டியிருந்தது. 1871-ல் அப்படியொரு வீட்டில் பிறந்த ஐனோ யார்னெஃபெல்ட், பின்னாளில் இசையமைப்பாளர் சிபெலியுஸின் மனைவியானார். 1904-ல் அவர்கள் குடிபோன வீட்டுக்குப் பெயர் ஐனோலா. 'லா' என்றால் இருப்பிடம். கலேவலாவிலும் அதே 'லா'தான்.

அந்த வீட்டில் வெகுகாலம் தண்ணீர்க் குழாய் கிடையாது. குழாய்ச் சத்தம் இசைக்கு இடைஞ்சல் என்று கணவர் விடவில்லை. 1957-ல் அவர் காலமான பிறகுதான் ஐனோவின் வீட்டுக்குக் குழாய் வந்தது.